திடலில் நீரூற்று வேண்டாம், தெருவில் நாற்காலி போடுங்கள்

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான். மலேசியாவின் பேராக்கில், பழைய கூட்டரசுச் சாலையை ஒட்டிய தோட்டப்புறப் பட்டணம். சாலையோரம் கடைவீடுகள், அதற்கு இணையாகப் பின்னால் ஒரு சின்னத் தெரு, தெருமுனையில் மாரியம்மன் கோயில், பக்கத்தில் காலைச் சந்தை, பேருந்து நிற்கும் இடம். சாலைக்கு அந்தப் பக்கம் திடல். மாலை ஆறு மணிக்கு மேல் கடைத்தெரு வெறிச்சோடிப் போகிறது. மாவட்ட மன்றம் கொஞ்சம் பணம் ஒதுக்கி, திடலில் ஒரு நீரூற்று, ஊர்ப்பெயரை ஆளுயரத்தில் எழுதிய எழுத்துகள், ஒரு கான்கிரீட் மேடை என்று வரைபடமும் போட்டுவிட்டது. ஊர்க்காரர்கள் மாற்று யோசனை எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கே தொடங்குவது?

வரைபடத்தை மடித்து வைத்துவிட்டு ஆட்களை எண்ணுங்கள். ஒரு சாதாரண புதன்கிழமை, சம்பளத்துக்குப் பின் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு நாள் போதும். மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம். அதனால் தோட்டப்புறப் பட்டணத்தின் உண்மையான திருவிழா அதற்கடுத்த ஞாயிறுதான். காலை 7 முதல் இரவு 10 வரை, நான்கு இடங்களில் இடத்துக்கு ஒருவராக நின்று, மணிக்குப் பத்து நிமிடம் கடந்து போகிறவர்களை எண்ணி ஆறால் பெருக்கினால் ஒரு மணி நேரக் கணக்கு வந்துவிடும். நடப்பவரை எண்ணினால் மட்டும் போதாது. தெருப்படத்தில் நிற்பவருக்கு ஒரு புள்ளி, உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு வட்டம் போடுங்கள். கோப்பன்ஹேகனில் 1962-இல் முக்கியக் கடைத்தெருவிலிருந்து கார்களை விலக்கிய பிறகு, யான் கேல் என்ற கட்டடக் கலைஞர் நகரத்தைப் படித்தது இதுமாதிரி தாளும் பென்சிலும் வைத்துத்தான்.

அந்தப் புள்ளிகள் எங்கே குவியும் என்பதை எண்ணுவதற்கு முன்பே ஓரளவு சொல்லிவிடலாம். கோப்பிக்கடை மூலை, ஊருக்குப் பணம் அனுப்பும் கடை வாசல், பூக்கடை ஓரம், பேருந்துக்குக் காத்திருக்கும் நிழல். திடலின் நடுவில் பந்து விளையாடுகிறவர்களைத் தவிர ஒரு புள்ளிகூட விழாது. புதிய இடம் அமைய வேண்டியது புள்ளி ஏற்கெனவே விழுந்த இடத்தில். ஆள் போகாத இடத்துக்கு ஆளை இழுக்க நீரூற்றால் முடியாது. ஒரு மாதம் படம் எடுத்துக்கொள்வார்கள். பிறகு உதிர்ந்த இலை பம்பை அடைக்கும், மாற்றுப் பம்புக்கு அடுத்த ஆண்டு ஒதுக்கீடு வரட்டும் என்பார்கள், தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு வளரும். முட்டை பறக்கும் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் பத்து நாள் போதும். அதனால் தொட்டியை வாராவாரம் வடித்துக் கழுவ ஆள் இல்லாத ஊரில் நீரூற்று என்பது கொசுப்பண்ணைதான்.

திடலின் இன்னொரு சிக்கல் அதன் அளவு. 25 மீட்டருக்கு அப்பால் ஒருவர் முகத்தில் என்ன ஓடுகிறது என்று தெரியாது. 100 மீட்டர் அகலத் திடலில் அறுபது பேர் நின்றாலும் யாரும் இல்லாததுபோல் இருக்கும். அதே அறுபது பேரைப் பின்தெருவில் 15 மீட்டர் அகலம், 25 மீட்டர் நீளத்துக்குள் விட்டுப் பாருங்கள், கல்யாண வீடு மாதிரி இருக்கும். 375 சதுர மீட்டர், ஆளுக்கு ஆறு சதுர மீட்டர். உங்கள் ஊருக்கு முதல் கட்டத்தில் இதற்கு மேல் வேண்டாம். திடல் பந்துக்கும் பெரிய விழாவுக்கும் இருக்கட்டும்.

பின்தெருவைச் சொல்ல வேறொரு காரணமும் உண்டு. கூட்டரசுச் சாலையில் கைவைக்கப் பொதுப்பணி இலாகா சம்மதிக்க வேண்டும், அது எளிதில் நடக்காது. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையடைந்த பிறகு தொலைதூர வண்டிகள் பல பழைய சாலையை விட்டுப் போய்விட்டன என்றாலும், செம்பனைக் குலை லாரியும் எண்ணெய் டாங்கியும் இன்னும் அதில்தான் ஓடுகின்றன. பின்தெரு பெரும்பாலும் மன்றத்தின் பொறுப்பில் இருக்கும். மாவட்ட நில அலுவலகத்தில் நில வரைபடத்தைப் பார்த்து அதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஏதோ ஒரு மூலை தனியார் பட்டாவில் இருப்பது கடைசி வாரத்தில் தெரியவந்து வேலை நின்றுபோகிற சங்கதி சாதாரணம்.

அடுத்தது வெயில். இதில்தான் நகரத்திலிருந்து வரும் வரைபடங்கள் தவறிப் போகின்றன. 1982-இல் தீபகற்பத்தின் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளிவிட்டதால் நமக்குச் சூரியன் உச்சிக்கு வருவது பகல் 1.15 வாக்கில். மாலை 4 மணி என்பது சூரியனுக்கு இன்னும் மூன்று மணிகூட ஆகாத நேரம். உங்கள் தெரு வடக்கு தெற்காக ஓடுகிறது, மேற்கு வரிசை இரண்டு மாடிக் கடைவீடு, உயரம் 9 மீட்டர் என்று வைத்தால், அதன் நிழல் 4 மணிக்குச் சுமார் 8 மீட்டர், 5 மணிக்கு 13 மீட்டர், 6 மணிக்குத் தெருவையே தாண்டிவிடும். ஆக, உட்காரும் இடம் எல்லாம் மேற்கு வரிசையை ஒட்டி வர வேண்டும். கிழக்கு வரிசைக் கடைகளுக்கு 5 மணி வரை முகத்திலேயே வெயில் அடிக்கும். அவர்களுக்குச் சுருட்டி விரிக்கிற கூரைத்துணி வேண்டும். தெரு கிழக்கு மேற்காக இருந்தால் இந்தக் கணக்கு உதவாது, மரத்தைத்தான் நம்ப வேண்டும்.

மரம் என்றதும் மன்றங்கள் ராஜபனையை வரிசையாக நட்டுவிடுகின்றன. படத்தில் கம்பீரமாக இருக்கும், நிழல் விளக்குக் கம்பத்தின் அளவுதான், மட்டை விழுந்தால் தலை தப்பாது. தூங்குமூஞ்சி மரம் தைப்பிங் ஏரிப் பூங்காவில் எப்படி நிற்கிறது என்று பார்த்தவர்களுக்கு ஆசை வரும். ஆனால் அது 25 மீட்டர் குடை விரிக்கும் மரம், திடலின் ஓரத்துக்குப் பொருந்தும், 15 மீட்டர் தெருவுக்குள் அடங்காது. அங்சானா என்ற மரம் வேகமாக வளரும், புயலில் கிளை முறியும். கெத்தாப்பாங் எனும் நாட்டு வாதுமையின் பெரிய இலையைத் தினமும் கூட்டி மாளாது. தெருவுக்கு மகிழ மரம் பொருத்தம். மலாயில் தஞ்சோங் என்பார்கள். மெதுவாகத்தான் வளரும், ஆனால் உருண்டு அடர்ந்த குடை, ஆண்டு முழுதும் பச்சை, பூ உதிர்ந்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

25 மீட்டர் நீளத்துக்கு நான்கு மரம், 7 மீட்டர் இடைவெளி. குழி குறைந்தது ஒன்றரை மீட்டர் சதுரம், ஒரு மீட்டர் ஆழம். லாரி ஓடி இறுகிய செம்மண்ணை உடைத்து எடுத்துவிட்டு நல்ல மண்ணும் மக்கிய எருவும் போட வேண்டும். குழிக்குள் மட்டும் நல்ல மண் இருந்தால் தொட்டிச் செடி வளர்த்த கதைதான். ஆகவே தளத்துக்கு அடியிலும் வேர் ஓட ஓரடி அகலத்துக்காவது வழிவிடுங்கள். மூன்று மீட்டர் உயரக் கன்று போதும், கீழ் இரண்டு மீட்டர் கிளையில்லாமல் இருக்க வேண்டும். முட்டுக்கம்பின் கயிற்றை ஓராண்டில் அவிழ்க்க மறந்தால் கயிறு தண்டை அறுத்துவிடும். கன்றுகள் சாக இன்னொரு காரணம் புல் வெட்டும் இயந்திரம். நைலான் இழை பட்டை வழியே ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், மூன்று மாதத்தில் மரம் காய்ந்துவிடும். ஒப்பந்தக்காரர் வறட்சி என்று எழுதிவிடுவார். தண்டைச் சுற்றிப் புல்லே இல்லாமல் மரத்தூளோ சரளையோ போட்டுவிட்டால் இயந்திரத்துக்கு அங்கே வேலை இல்லை.

நிழல் முழுசாக வர ஐந்தாறு ஆண்டு ஆகும். அதுவரை பெரிய பாய்மரத் துணி கட்டலாம் என்று யாராவது சொல்வார்கள். விடியற்காலையில் மேற்குக் கரையைத் தாக்கும் சுமத்ரா காற்று அதைக் கிழிக்கும், கிழியாவிட்டால் மழைநீர் பை கட்டித் தொங்கும், இரண்டாவது ஆண்டில் கருப்புப் பூஞ்சை பிடிக்கும். கடைக்காரரே இழுத்து மூடக்கூடிய சின்னக் கூரைத்துணிதான் தாங்கும்.

இனி உட்காரும் இடம். நியூயார்க் சதுக்கங்களை 1970-களில் படம் பிடித்து ஆராய்ந்த வில்லியம் ஒயிட் கண்டது மிக எளிமையானது: உட்கார இடம் இருக்கிற இடத்தில்தான் மக்கள் உட்கார்கிறார்கள். கேட்க வேடிக்கையாக இருக்கும், ஆனால் நம் ஊர்ச் சதுக்கம் எத்தனையில் நான்கு பெஞ்சுக்கு மேல் இருக்கிறது? அவர் பரிந்துரைத்த விகிதத்தை மீட்டருக்கு மாற்றிக் கணக்குப் போட்டால் ஏறத்தாழ 9 சதுர மீட்டருக்கு ஒரு மீட்டர் இருக்கை. உங்கள் 375 சதுர மீட்டருக்கு 41 மீட்டர், அதாவது எண்பது பேர் உட்காரலாம். பாதியை நிலையான பெஞ்சாகவும் திண்ணையாகவும் கட்டுங்கள், பாதியைத் தூக்கிப் போடும் நாற்காலியாக விடுங்கள். நிழல் நகரும்போது நாற்காலியும் நகரும். மூன்று பேர் பேசிக்கொண்டிருக்க நாலாவது ஆள் வந்தால் இன்னொன்றை இழுத்துப் போடலாம். அதே நகரத்தில் 1992-இல் மறுபடி திறந்த பிரயன்ட் பூங்காவில் இன்றும் கூட்டம் இருப்பதற்குத் தூக்கிப் போடும் நாற்காலிகள் ஒரு முக்கியக் காரணம். நமக்கு அதற்கென்று தனி வடிவமைப்பு எதுவும் வேண்டாம், கல்யாணத்துக்கு வாடகைக்கு வரும் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி போதும். திருட்டுப் போகுமே என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, இரவு பதினொன்றுக்கு அடுக்கிச் சங்கிலி போட கோப்பிக்கடைக்காரர் ஒருவரை நியமித்து, பதிலுக்கு அவர் மேசையை வெளியே போட மன்றத்திடம் உரிமம் வாங்கிக் கொடுங்கள். இரண்டு நாற்காலி போனாலும் ஒரு நீரூற்று பம்பின் விலை ஆகாது.

கட்டும் பெஞ்சில் கவனிக்க வேண்டியது உயரம் 45 செ.மீ., ஆழம் 45 செ.மீ., பாதிக்காவது முதுகுச் சாய்வும் கைப்பிடியும். வயதான அம்மாவுக்கு உட்கார்வது பெரிய பாடில்லை, கையை ஊன்றி எழுவதுதான் பாடு. பளபளப்பான கிரானைட்டும் எஃகும் பகலில் சுடும், மழையில் வழுக்கும். இன்னொன்று, எந்த வரைபடத்திலும் இருக்காது: பெஞ்சின் மேற்பரப்பு மட்டமாக இருக்கக் கூடாது. ஐந்து மணிக்கு மழை பெய்து ஐந்தரைக்கு விடும். மட்டமான பெஞ்சில் மெல்லிய படலமாக நீர் நின்றாலும் அது காய இரவாகிவிடும். அதற்குள் சைக்கிளில் வந்த பையன் ஒருமுறை கையால் தள்ளிப் பார்த்துவிட்டுப் போய்விடுவான், கைக்குழந்தையோடு வந்தவர்கள் நின்றபடியே வீட்டுக்குத் திரும்புவார்கள், அந்த மாலை முடிந்தது. ஒரு பக்கம் ஒரு செ.மீ. சரிவு கொடுத்தால் ஆறு மணிக்கு ஒரு துணி போதும்.

பெஞ்சை ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி எதிரெதிரே போடாமல் ட வடிவத்தில் மூலை திருப்பிப் போடுங்கள். ஐந்து பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசவும் முடியும், நடப்பவர்களைப் பார்க்கவும் முடியும். மனிதருக்கு மனிதரைவிடப் பெரிய வேடிக்கை கிடையாது.

தரைக்கு வருவோம். பழைய கடைவீடுகளின் ஐந்தடிப் பாதையில், அதாவது கடைமுன் கூரையுள்ள நடைபாதையில், ஒவ்வொரு கடைக்காரரும் தன் கடைமுன் தரையைத் தன் இஷ்டத்துக்கு உயர்த்தியிருப்பார். ஆறு மீட்டருக்கு ஒரு படி. தள்ளுவண்டிக் குழந்தையும் சக்கர நாற்காலியும் தெருவில்தான் போகும். புதுத்தளம் போடுவதற்கு முன் இதைச் சரிசெய்யுங்கள். சரிவு 1:12-க்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது, அதாவது 15 செ.மீ. படிக்கு 1.8 மீட்டர் நீளச் சரிவு. கடை வாசலை ஒட்டி 1.8 மீட்டர் எப்போதும் காலியாக இருக்க வேண்டும், அரிசி மூட்டைக்கும் தள்ளுபடித் துணிக் கூடைக்கும் அதில் இடமில்லை.

மழைநீரைக் கணக்குப் போடுங்கள். மாலை மழை மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் கொட்டுவது நமக்குப் புதிதல்ல. 375 சதுர மீட்டரில் அது நொடிக்கு 10 லிட்டர், கடைக்கூரை நீர் தனி. தளத்துக்கு 50-க்கு 1 சரிவு, இரண்டு ஓரத்திலும் மூடிய கால்வாய். மூடியின் கம்பி இடைவெளி 12 மில்லிமீட்டருக்குள் இருந்தால் குதிகால் செருப்பும் ஊன்றுகோலும் சிக்காது. இரண்டு ஆள் தூக்கக்கூடிய எடையில் மூடி இருக்க வேண்டும். தூக்க முடியாத கான்கிரீட் பாளத்தைப் போட்டால் கால்வாயைத் தூர்வாரவே மாட்டார்கள். குப்பை லாரியும் உள்ளே வரும் என்பதால், தளத்தில் ஒன்றோடொன்று பூட்டி அடுக்கும் பூட்டுக்கல் 80 மில்லிமீட்டர் தடிமன், அதன் கீழ் மூன்று செ.மீ. மணல், ஓரத்தில் கான்கிரீட்டில் ஊன்றிய தடுப்புக்கல். அந்தத் தடுப்புக்கல்லை மிச்சம் பிடித்த தெருக்களில்தான் கல் ஒவ்வொன்றாக விலகி, நடுவில் பள்ளம் விழுகிறது.

கோயில் இருப்பதால் ஒரு வேலை அதிகம். ரதத்தின் உயரம், அகலம், திரும்பும்போது எடுக்கும் வளைவு மூன்றையும் கோயில் நிர்வாகத்தோடு நின்று நாடா பிடித்து அளந்து வரைபடத்தில் போடுங்கள். விளக்குக் கம்பம், மரக்கிளை, மின்கம்பி எதுவும் அந்தப் பாதையில் வரக் கூடாது. வண்டியைத் தடுக்க நடும் குறுங்கம்பங்கள் கழற்றி எடுக்கிற வகையாக இருக்கட்டும், சாவி கோயிலிலும் மன்றத்திலும் ஒவ்வொன்று. தேங்காய் உடைக்க ஓர் ஓரத்தில் நீர்க்குழாயோடு சொரசொரப்பான கான்கிரீட் தொட்டி கட்டிவிட்டால் பூட்டுக்கல்லில் எண்ணெய்க் கறை படியாது, யாரும் வழுக்கி விழவும் மாட்டார்கள். ரமலான் மாதத்தில் நோன்பு திறப்புக்கு முன் பசார் என்ற உணவுச் சந்தை நடக்கும் ஊர் என்றால் அந்த ஒரு மாதத்துக்கும் இதே இடம், இதே மின் இணைப்பு. தீபாவளிச் சந்தைக்கும் அப்படியே. மேடை தனியாகக் கட்ட வேண்டியதில்லை. ஒரு முனையில் 45 செ.மீ. உயரத்தில் 4 மீட்டருக்கு 6 மீட்டர் திண்ணை இருந்தால் ஆண்டில் ஐந்து நாள் மேடை, மற்ற நாளெல்லாம் இருக்கை.

சாப்பாடு இல்லாமல் நம் ஊரில் கூட்டம் நிற்காது. ஆறு அங்காடிக் கடை போதும், எட்டைத் தாண்ட வேண்டாம். 3 மீட்டர் சதுரக் கூடாரங்களை ஒரே வரிசையில், முதுகு வெறும் சுவருக்கும் முகம் இருக்கைக்குமாக நிறுத்துங்கள். கோயில் பக்கம் சைவமும் பலகாரமும், மறு முனையில் மற்றவை, பாத்திரம் கழுவும் தொட்டி தனித்தனி. இதை முதல் நாளே பேசி முடிக்காவிட்டால் மூன்றாவது வாரம் மனக்கசப்பு வரும். ஒவ்வொரு கழுவு தொட்டிக்கும் கீழே எண்ணெயைத் தடுக்கும் பெட்டி வேண்டும். இல்லாவிட்டால் வறுத்த எண்ணெய் கால்வாயில் உறைந்து, எலி வரும், நாற்றத்தில் முன்வரிசை நாற்காலி காலியாகும். மின் இணைப்புக்கு மழை புகாத பெட்டி, 30 மில்லி ஆம்பியர் மின்கசிவில் துண்டிக்கும் கருவி. நீட்டிப்புக் கம்பியைத் தரையில் ஓடவிடாதீர்கள். குப்பையை அன்று இரவே எடுக்க வேண்டும். விடியும்வரை விட்டால் காகமும் நாயும் பிரித்துப் போட்டதைத்தான் காலையில் சந்தைக்கு வருகிறவர்கள் பார்ப்பார்கள். கழிப்பறை பார்வைபடும் இடத்தில் இருக்கட்டும். சந்தைக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் பெண்கள் எட்டு மணிக்கே கிளம்பிவிடுவார்கள்.

விளக்கைப் பற்றிச் சுருக்கமாக: 12 மீட்டர் கம்பத்தில் வெள்ளை வெளிச்சம் பந்துத் திடலுக்கு. இங்கே நாலு மீட்டர் கம்பம், மஞ்சள் சாயல், 3000 கெல்வின். மழை விட்ட இரவில் ஈசலும் இதற்குக் கொஞ்சம் குறைவாக வரும்.

கடைக்காரர்களின் எதிர்ப்பு ஒன்றே ஒன்றாகத்தான் இருக்கும்: காரை எங்கே விடுவது? வாதாட வேண்டாம். ஒரு நாள் முழுதும் அரை மணிக்கு ஒருமுறை அந்தத் தெருவில் நிற்கும் வண்டிகளின் எண்ணில் கடைசி மூன்று இலக்கத்தைக் குறியுங்கள். காலையில் வந்து மாலைவரை அசையாத வண்டிகள் யாருடையவை என்று தெரிந்ததும் பேச்சு மாறும், பெரும்பாலும் கடைக்காரர்களுடையதாகவே இருக்கும். அவர்களுக்குத் திடலின் ஓரத்தில் இடம் கொடுத்துவிட்டு, தெருவின் இரு முனையிலும் மோட்டார் சைக்கிள் நிறுத்த இடம் ஒதுக்குங்கள். ஒரு கார் நிற்கும் இடத்தில் ஆறு மோட்டார் நிற்கும். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்திலிருந்து வரும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களும் இந்த ஊரின் வாடிக்கையாளர்கள்தான், பலர் மோட்டாரிலும் பேருந்திலும் வருகிறவர்கள். அவர்கள் உட்கார்ந்தால் துரத்துகிற காவலாளியை வைக்கிற சதுக்கம் ஞாயிறன்று காலியாகவே இருக்கும்.

இவ்வளவையும் ஒரேயடியாகக் கட்டச் சொல்லி மன்றத்திடம் கேட்காதீர்கள். 2009-இல் நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் சாலையை மூடியபோது முதலில் போட்டது மலிவான மடக்கு நாற்காலிகளைத்தான், கல் தளம் பிறகுதான் வந்தது. நீங்கள் ஆறு வாரம், வெள்ளி முதல் ஞாயிறுவரை, மாலை 5 முதல் இரவு 11 வரை தெருவை மூட அனுமதி கேளுங்கள். தேவையானவை: நீர் நிரப்பும் பிளாஸ்டிக் தடுப்பு எட்டு, நாற்காலி எண்பது, மேசை பதினைந்து, பாதியாக வெட்டிய எண்ணெய்ப் பீப்பாயில் பத்துச் செடி, கடைக்குக் கடை இழுத்த சரவிளக்கு, நாலு குப்பைத் தொட்டி, அங்காடிக் கடை ஆறு. போலீசுக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் எழுத்தில் கொடுத்து, தீயணைப்பு வண்டி போக எவ்வளவு அகலம் விட வேண்டும் என்று அவர்களிடமே கேட்டு, அந்தக் கோட்டைத் தரையில் மஞ்சள் வண்ணத்தில் வரைந்துவிடுங்கள். நாற்காலி அதைத் தாண்டினால் யார் கண்ணுக்கும் தெரியும்.

முதல் வாரம் புதுமைக்காகக் கூட்டம் வரும், இரண்டாவது வாரம் மழை கெடுக்கும், நான்காவது வாரத்தில்தான் உண்மை நிலவரம் தெரியும். அப்போது மறுபடி அதே நான்கு இடத்தில் நின்று எண்ணுங்கள். நாற்காலிகள் எங்கே இழுத்துப் போடப்பட்டிருக்கின்றன என்று இரவு பத்து மணிக்கு ஒரு படம் எடுத்து வையுங்கள், நிலையான பெஞ்சு வர வேண்டிய இடம் அதில் தெரியும். மன்றத்தின் கணக்காண்டு ஜனவரியில் தொடங்குகிறது. இரண்டு எண்ணிக்கைத் தாள், புள்ளி போட்ட தெருப்படம், வண்டி எண் பட்டியல் எல்லாம் செப்டம்பருக்குள் மன்ற உறுப்பினர் கையில் இருந்தால்தான் அடுத்த ஆண்டு ஒதுக்கீட்டில் நுழையும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணினால் தெருவை மூட விண்ணப்பம் போட வேண்டியது மே மாதம்.